சோனின்கேயைக் கணினியில் எழுதுவது: கூடுதல் எழுத்து இரண்டுதான், சிக்கல் அதைவிட அதிகம்

கேள்வி சுருக்கமாக இது: மேற்கு ஆப்பிரிக்க மொழிகளுக்கு இணைய அகராதி செய்யும் ஒருவர் சோனின்கேயில் வந்து நிற்கிறார். அதற்குத் தனி எழுத்து உண்டா, யூனிகோடில் இருக்கிறதா, எந்த விசைப்பலகையில் தட்டுவது? மாலியிலிருந்து வந்த கோப்பிலும் செனகலிலிருந்து வந்த கோப்பிலும் ஒரே சொல் ஏன் வேறு வேறாக இருக்கிறது? சில கோப்புகள் ஏன் குப்பையாகத் திறக்கின்றன?

தனி எழுத்து கிடையாது. லத்தீன் எழுத்துதான். ஆங்கிலத்தின் 26 எழுத்தில் வி, இஸட் இரண்டையும் எடுத்துவிட்டு, ஞ ஒலிக்கு ஒன்றும் ங ஒலிக்கு ஒன்றும் சேர்த்தால் திரும்பவும் 26. அதுதான் சோனின்கே நெடுங்கணக்கு. தமிழ் படித்தவருக்கு இந்த இரண்டு ஒலியையும் விளக்கவே வேண்டாம், நம்மிடம் இரண்டுக்கும் எழுத்து இருக்கிறது. ‘தரை, மண்’ என்பதற்கான சோனின்கேச் சொல்லைத் தமிழில் ‘ஞீஞெ’ என்று எழுதிவிடலாம், ஒலி ஏறக்குறைய அப்படியே வந்துவிடும்.

இரண்டு எழுத்தும் யூனிகோடில் தொடக்கக் காலத்திலிருந்தே இருக்கின்றன. ஆகவே ‘யூனிகோடில் உண்டா’ என்ற கேள்விக்கு ‘உண்டு’ என்பதே பதில். உங்கள் கோப்புகள் கெட்டிருப்பதற்குக் காரணம் வேறு. மூன்று நாடுகள் மூன்று காலத்தில் முடிவெடுத்தன, பிரெஞ்சு விசைப்பலகையில் ங கிடையாது, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மொழியைப் பற்றி, வேலைக்குத் தேவையான அளவு. சோனின்கே மாண்டே குடும்பத்து மொழி, மாலியில் பரவலாகப் பேசும் பம்பாராவுக்குத் தூரத்து உறவு. பேசுபவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். செனகல் ஆற்றின் மேற்பகுதிதான் மையம்: மாலியின் காயெஸ், யெலிமானே, நியோரோ, செனகலின் பாக்கெல், மொரிட்டானியாவின் கிடிமாஃகா. காம்பியாவிலும் உண்டு. வேலைக்காகப் போய்க் குடியேறியவர்களால் பிரான்சிலும் கணிசமாக உண்டு. பழைய கானா பேரரசு, அவர்கள் வாக்கில் வாகாது, சோனின்கே மக்களுடையது. மொழிக்குப் பெயர் பல: பிரெஞ்சு ஆவணத்தில் சரகோலே, பம்பாராவில் மார்க்கா, காம்பியாவில் செரஹுலே. தரவு சேர்க்கும்போது இந்தப் பெயர்கள் எல்லாவற்றிலும் தேடாவிட்டால் பாதிக் கோப்பு கண்ணில் படாது. ‘மார்க்கா’வில் மட்டும் கவனம் வேண்டும். புர்கினா ஃபாசோ பக்கம் அதே பெயரில் வேறொரு மாண்டே மொழியும் வழங்குகிறது.

மொழிப் பெயர்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 639இல் இதன் குறியீடு எஸ்-என்-கே என்ற மூன்றெழுத்து. ஈரெழுத்துக் குறியீடு இதற்குத் தரப்படவில்லை. மொழிக் குறியீட்டுப் புலத்துக்கு இரண்டு எழுத்து மட்டும் ஒதுக்கிய தரவுத்தளம் உங்களிடம் இருந்தால் இன்றே அகலப்படுத்துங்கள். இல்லையென்றால் அது எஸ்-என் என்று வெட்டுப்படும், அது ஷோனா மொழியின் குறியீடு. வெட்டுப்பட்டது பார்வைக்குச் சரியான குறியீடு போலவே இருப்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

இனி எழுத்து எப்படி வந்தது. 1966இல் மாலித் தலைநகர் பமாகோவில் யுனெஸ்கோ கூட்டிய கூட்டம் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் எழுத்துகளை ஒன்றுபடுத்தப் பார்த்தது. 1978இல் நைஜர் நாட்டின் நியாமேயில் அடுத்த முயற்சி. செனகல் 1971இல் ஆறு தேசிய மொழிகளுக்கான ஆணையில் சோனின்கேயையும் சேர்த்தது. 2005 அக்டோபரில் சோனின்கேயின் எழுத்துமுறைக்கும் சொற்பிரிப்புக்கும் தனி ஆணை வந்தது. மொரிட்டானியாவில் 1979இல் தேசிய மொழிகள் நிறுவனம் தொடங்கி புலார், சோனின்கே, வோலோஃப் மூன்றையும் லத்தீனில் எழுதச் சொல்லிக்கொடுத்தது. மாலியில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் 13 மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்றது, சோனின்கே அதில் ஒன்று. 2023 அரசியல் சட்டம் தேசிய மொழிகளை ஆட்சிமொழி நிலைக்கு உயர்த்தி, பிரெஞ்சை வேலைமொழியாக இறக்கியது.

மூன்று நாடும் எல்லாவற்றிலும் ஒத்துப்போய் ஒன்றே ஒன்றில் பிரிந்தன, அது ஞ. செனகலும் மொரிட்டானியாவும் ஸ்பானிய மொழியில் வரும் எழுத்தை எடுத்துக்கொண்டன, அதாவது ‘என்’ தலையில் சுழி. யூனிகோடில் சிறியது 241, பெரியது 209. (இந்தப் பதிலில் எல்லா எண்ணும் பதின்ம முறையில்.) மாலி நியாமே வழியில் போய் இடப்பக்கக் காலில் கொக்கி வைத்த ‘என்’னை எடுத்தது. சிறியது 626, பெரியது 413. ங மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: வலப்பக்கக் கால் கீழே சுருண்ட ‘என்’, சிறியது 331, பெரியது 330. கீழே இவற்றைச் சுழி-ஞ, கொக்கி-ஞ, ங என்றே சொல்கிறேன்.

உங்கள் முதல் குழப்பம் இதுதான். ஒரே சொல், இரண்டு நாட்டில் இரண்டு எழுத்து. யூனிகோடின் இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் பல பதிவுகளை ஒன்றாக்கும் முறை, இதைத் தீர்க்காது, அதன் கணக்கில் இவை இரண்டுக்கும் உறவே இல்லை. ஆனால் மாற்றம் ஒன்றுக்கு ஒன்று, எந்தச் சொல்லிலும் பொருள் மயங்காது. உள்ளே ஒன்றை மட்டும் சேமியுங்கள், காட்டும்போது நாட்டுக்கேற்ப மாற்றுங்கள், தேடலில் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் சேமிப்பது என்றால் நான் சுழி-ஞவைத்தான் சொல்வேன். அது எந்த எழுத்துருவிலும் இருக்கும், கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் போகும். கொக்கி-ஞவின் பெரிய எழுத்து பல அலங்கார எழுத்துருக்களில் இல்லாமல் வெறும் கட்டமாக வரும்.

மற்ற எழுத்துகளில் தமிழர் தடுக்கும் இடங்கள் சில. ‘சி’ என்றால் ச்ச போன்ற ஒலி, க அல்ல. ‘எக்ஸ்’ தொண்டையில் உரசும் ஃக, அரபியில் உள்ளது போல. ‘க்யூ’ அதே இடத்தில் அடைத்துத் திறக்கும் ஒலி. பெண் என்ற சொல்லில் எக்ஸ், மனைவி என்ற சொல்லில் இரட்டைக் க்யூ. யஃகரே, யக்கெ என்று தமிழில் எழுதினால் இரண்டாவதில் அந்தத் தொண்டையொலி காணாமல் போகும். நெடில் என்றால் உயிரெழுத்தை இரட்டிப்பார்கள். மெய்யும் இரட்டிக்கும். இரண்டும் பொருளை மாற்றும், ஆகவே ‘இரட்டை எழுத்தைத் தட்டச்சுப் பிழை’ என்று தானாகத் திருத்தும் எந்த நிரலையும் இந்தக் கோப்பின் பக்கம் விடாதீர்கள். தொனி உண்டு, உயர்வு தாழ்வு என இரண்டு. நடைமுறை எழுத்தில் அதைக் குறிப்பதில்லை, மொழியியல் நூல்களில் மட்டும் உயிரின் மேல் சாய்கோடு இருக்கும். அந்த நூல்களிலிருந்து சொல் எடுத்தால் சாய்கோட்டை நீக்கிய வடிவத்தையும் கூடவே வையுங்கள். நீக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான ‘மேற்குறி நீக்கி’ நிரல் சாய்கோட்டோடு சுழியையும் சேர்த்துத் துடைத்து ஞவை ‘என்’ ஆக்கிவிடும். ங தப்பும், ஏனென்றால் அது பிரிக்கமுடியாத எழுத்து. 768, 769 என்ற இரண்டு சாய்கோடுகளை மட்டும் நீக்கச் சொல்லுங்கள், 771 என்ற சுழியைத் தொடவிடாதீர்கள்.

சொற்பிரிப்பு இன்னொரு தலைவலி. மொழியின் பெயரையே ஒரு சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் அச்சில் பார்க்கலாம்: சோனின்கன்ஃகன்னெ, சோனின்கன் ஃகன்னெ. மூக்கொலியில் முடியும் சொல்லுக்குப் பின் வரும் மெய் உச்சரிப்பில் திரியும். புணர்ச்சி படித்தவருக்கு இது புதிதில்லை. ஒலிப்பதை எழுதுவதா, அடிச்சொல்லை எழுதுவதா என்பதில் எழுதுபவர்கள் ஒரே மாதிரி இல்லை. செனகல் 2005இல் தனி ஆணை போட்டதற்கே இதுதான் தேவை. அகராதியில் தலைச்சொல்லுக்கு அந்த ஆணையின் வழியைப் பின்பற்றி, மற்ற வடிவங்களை மாற்றுவடிவமாக இணைப்பதே எளிது.

இப்போது தட்டச்சு. இதில்தான் அதிகம் பேர் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

மாலி, செனகல், மொரிட்டானியா மூன்றிலும் கடையில் கிடைப்பது ‘அசர்ட்டி’ எனப்படும் பிரெஞ்சு வரிசை விசைப்பலகை. விண்டோஸின் பிரெஞ்சு அமைப்பில் சுழி-ஞ மறைவாக இருக்கிறது: ஆல்ட்ஜிஆரை (இடைவெளி விசைக்கு வலப்பக்க ஆல்ட்) அழுத்திக்கொண்டு மேல்வரிசை 2, விட்டுவிட்டு ‘என்’. கொக்கி-ஞவும் ஙவும் எங்குமே இல்லை. அதனால்தான் மக்கள் கைக்கு வந்தபடி ‘என்-ஜி’, ‘என்-ஒய்’, பிரெஞ்சுப் பழக்கத்தில் ‘ஜி-என்’ என்று தட்டிவைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்து-மாற்று கட்டளையால் சரிசெய்யலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். மூக்கொலியும் ‘ஜி’யும் அடுத்தடுத்து வரும் நியாயமான சொற்களும் சோனின்கேயில் உண்டு, அவையும் சேர்ந்து ங ஆகிவிடும். ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றும் முறையில்தான் ஓட்ட வேண்டும்.

செலவில்லாத குறுக்குவழி ஒன்று இருக்கிறது. வோலோஃப் மொழியின் செனகல் எழுத்துமுறையிலும் சுழி-ஞவும் ஙவும் உண்டு. விண்டோஸ் 7 முதலே வோலோஃப் விசைப்பலகை உள்ளேயே வருகிறது. அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குப் போய், மொழியைச் சேர்க்கும் இடத்தில் வோலோஃப் தேர்ந்தெடுத்தால் போதும். திரை விசைப்பலகையைத் திறந்து, ஆல்ட்ஜிஆரை அழுத்தியும் விட்டும் பார்த்தால் எந்த எழுத்து எந்த விசையில் என்று தெரிந்துவிடும். மாலி முறையில் எழுதுபவருக்கு இது உதவாது, கொக்கி-ஞ இதில் இல்லை. அவர்களுக்குக் கீமேன். இலவசம், கட்டற்ற மென்பொருள், செனகல் மொழிகளுக்கும் மாலி மொழிகளுக்கும் தனித்தனி விசைப்பலகைத் தொகுப்புகள் அதில் உண்டு. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும்.

லினக்ஸ்காரர்களுக்கு வேலை குறைவு. பெரும்பாலான லத்தீன் அமைப்புகளில் ஆல்ட்ஜிஆரோடு ‘ஜி’ தட்டினால் ங வரும். விசைகளை அடுத்தடுத்துத் தட்டி ஓர் எழுத்தாக்கும் கம்போஸ் விசையை இயக்கியிருந்தால் கம்போஸ், என், ஜி என்று வரிசையாகத் தட்டினாலும் வரும். சுழியும் ‘என்’னும் தட்டினால் ஞ. மாலி அமைப்பைத் தேர்ந்தால் கொக்கி-ஞவும் கிடைக்கும்.

பலர் ஆல்ட் எண் முறையைச் சொல்வார்கள். ஆல்ட்டோடு எண்தட்டில் 0241 அடித்தால் சுழி-ஞ எங்கும் வரும். முன்னால் பூஜ்யம் கட்டாயம், விட்டால் கூட்டல்-கழித்தல் குறி வரும். 0331 அடித்தால் வேர்டில் ங வரும். அதையே பழைய நோட்பேடில் அடித்தால் பெரிய ‘கே’ வந்து நிற்கும். அது 255க்கு மேல் எண்ணத் தெரியாத நிரல், 331இல் 256 போக 75, அது ‘கே’யின் எண். ‘என் கணினியில் ங அடித்தால் கே வருகிறது’ என்ற புகாருக்கு விளக்கம் இவ்வளவுதான். வலைப்பக்கத்தில் ஆம்பர்சண்ட், ஹேஷ், 331, அரைப்புள்ளி என்று எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை.

ஒரு குழுவே தட்டப்போகிறது என்றால் சொந்த அமைப்பு செய்துவிடுவது மேல். மைக்ரோசாஃப்டின் கீபோர்டு லேஅவுட் கிரியேட்டர் 1.4 போதும். அதற்கு டாட்நெட் 3.5 வேண்டும், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதைத் தனியாக இயக்கவேண்டியிருக்கும். பிரெஞ்சு அமைப்பை ஏற்றிக்கொள்ளுங்கள், புதிதாகத் தொடங்காதீர்கள். ஆல்ட்ஜிஆர் நிலையில் ‘என்’ விசைக்கு ஞ, ‘ஜி’ விசைக்கு ங. ஷிஃப்டோடு சேர்ந்த நிலையில் அவற்றின் பெரிய எழுத்து. அசர்ட்டியில் ஆல்ட்ஜிஆரின் மேல்வரிசை அட், ஹேஷ், அடைப்புக்குறிகளால் நிரம்பியிருக்கிறது, அங்கே கைவைத்தால் மின்னஞ்சல் முகவரி தட்ட முடியாமல் போகும். கேப்ஸ்லாக் போட்டும் ங சிறியதாகவே வந்தால் ஆல்ட்ஜிஆர் நிலைக்கான கேப்ஸ் தெரிவு தனியாக இருக்கிறது, அதையும் குறியிட வேண்டும். அமைப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள். திருத்தி மறுபடி கட்டும்போது பழையதை நீக்காமலோ பெயரை மாற்றாமலோ நிறுவினால் பழையதே நின்றுகொண்டு உங்களைக் குழப்பும். மொழிப் பட்டியலில் சோனின்கே கிடைக்காது, பிரெஞ்சு என்றே வையுங்கள். தட்டச்சுக்கு அதனால் கேடில்லை, ஆனால் வேர்டு ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் சிவப்புக் கோடு போடும்.

ஒட்டி-வெட்டிப் பிழைப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றைத் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் கண்ணால் பார்த்துப் பிடிக்கமுடியாது. கிரேக்க ‘ஈட்டா’ எழுத்து ஙவைப் போலவே இருக்கும். அதன் எண் 951. அதை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருப்பார்கள். அச்சில் சரியாகத் தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. தலைப்பைப் பெரிய எழுத்தாக மாற்றும்போது குட்டு உடையும்: ஈட்டாவின் பெரிய வடிவம் ‘ஹெச்’ போல இருப்பதால் சொல்லின் நடுவே ‘ஹெச்’ முளைக்கும். கோப்பு கைக்கு வந்ததும் முதலில் 951 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், இருப்பதை எல்லாம் 331 ஆக மாற்றுங்கள். சோனின்கே உரைக்குள் கிரேக்கத்துக்கு வேலை இல்லை, ஆகவே இந்த ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

இனி ‘குப்பை’. அதில் இரண்டு வகை, மருந்தும் வேறு வேறு.

ஒன்று, யூடிஎஃப்-8 (யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் வழக்கமான முறை) கோப்பைப் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாகத் திறந்தது. அடையாளம் எளிது. யூடிஎஃப்-8இல் இந்த எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு பைட், ஆகவே ஓர் எழுத்து இரண்டு குறியாகப் பிளக்கும். சுழி-ஞ இருந்த இடத்தில் தலையில் சுழி வைத்த பெரிய ‘ஏ’, அடுத்து கூட்டல்-கழித்தல் குறி. ங இருந்த இடத்தில் தலையில் வட்டம் வைத்த பெரிய ‘ஏ’, அடுத்து ஒற்றைக் கோண மேற்கோள். கொக்கி-ஞ இருந்த இடத்தில் சாய்கோடு போட்ட பெரிய ‘இ’, அடுத்து மேலே குட்டியாக ஒரு 2. இப்படி இரண்டிரண்டாக வந்தால் தரவு பத்திரம், சரியான குறியாக்கத்தில் திறந்தால் சரியாகிவிடும். எக்செல்லில் இது அடிக்கடி நடக்கும். காற்புள்ளிக் கோப்பை (சிஎஸ்வி) இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். வெற்றுத் தாளில் ‘தரவு’ தாவல் வழியே இறக்குமதி செய்து, கோப்பின் குறியாக்கம் 65001 என்று தேர்ந்தெடுங்கள். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகை. வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் ஙவும் கொக்கி-ஞவும் கேள்விக்குறியாகிவிடும், சுழி-ஞ மட்டும் பிழைக்கும், ஏனென்றால் மேற்கு ஐரோப்பியத் தொகுப்பில் அது உண்டு. கேள்விக்குறியாகிவிட்டதைத் திரும்பப் பெற வழியே இல்லை. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ங பழைய ஐரோப்பியத் தொகுப்புகளில் எங்குமே இல்லை என்றும் சொல்லமுடியாது. வட ஐரோப்பாவின் சாமி மக்கள் மொழிகளுக்காக ஐஎஸ்ஓ 8859இன் 4ஆம், 10ஆம் பகுதிகளில் சேர்த்திருந்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லா எழுத்துருவிலும் ங கிடைப்பதில் அந்தப் பனிநாட்டு மக்களுக்குப் பங்கு உண்டு.

இரண்டாவது வகை, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கோப்பு. பாமினியில் தட்டிய பழைய தமிழ்க் கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் என்ன ஆகுமோ அதேதான். யாரோ ஓர் எழுத்துருவை எடுத்து, பயன்படாத குறியின் இடத்தில் ங படத்தையும் ஞ படத்தையும் வரைந்துவைத்தார்கள். கோப்பில் இருப்பது பழைய குறியின் எண், எழுத்துரு போனதும் அசல் குறி வெளியே தெரிகிறது. அடையாளம்: ஒரு எழுத்துக்கு ஒரே குறி, எல்லா இடத்திலும் அதே குறி, சொல்லின் நடுவே. மாற்றும் வழி இது. கோப்பில் உள்ள குறிகளை எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். ஏ முதல் இஸட் வரைக்கு வெளியே அதிகம் வரும் நாலைந்து குறிகளில்தான் ஞவும் ஙவும் ஒளிந்திருக்கும். தெரிந்த சொல்லை வைத்து எது எது என்று முடிவுசெய்யுங்கள், ‘ஞீஞெ’ போல ஒரே எழுத்து இரண்டு முறை வரும் சொல் இதற்கு வசதி. பிறகு மாற்றுங்கள். அந்தக் கோப்பில் பிரெஞ்சு விளக்கமும் இருந்தால் அங்கே அதே குறி நியாயமாக வந்திருக்கும், ஒட்டுமொத்தமாக மாற்றினால் பிரெஞ்சு கெடும். வேர்டின் தேடலில் ‘இந்த எழுத்துருவில் உள்ளதை மட்டும்’ என்று கட்டுப்படுத்தி மாற்றினால் தப்பிக்கலாம். ஆகவே எழுத்துருத் தகவல் அழியும்படி வெற்றுரையாக முதலிலேயே சேமித்துவிடாதீர்கள். பல கோப்புகள் இருந்தால் எஸ்ஐஎல் என்ற மொழியியல் நிறுவனத்தின் டெக்கிட் கருவியில் மாற்ற அட்டவணையை ஒருமுறை எழுதிவைத்து எல்லாவற்றுக்கும் ஓட்டலாம்.

‘பெரிய ங வேறு மாதிரி இருக்கிறது, எழுத்து கெட்டுவிட்டதா’ என்றும் கேட்பார்கள். கெடவில்லை. 330ஆம் எண்ணுக்கு இரண்டு வடிவம் வழங்குகிறது. பெரிய ‘என்’னுக்குக் கொக்கி போட்டது ஒன்று, சாமி வழக்கு. சிறிய ஙவையே பெரிதாக்கியது மற்றொன்று, ஆப்பிரிக்க வழக்கு. விண்டோஸோடு வரும் பல எழுத்துருக்கள் முதல் வடிவத்தைத்தான் காட்டும். புத்தகம் அச்சிடுவதானால் எஸ்ஐஎல்லின் சாரிஸ், ஆண்டிகா போன்ற எழுத்துருக்களை எடுத்து, சிவி43 என்ற எழுத்துரு அம்சத்தால் ஆப்பிரிக்க வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டிகா புதிதாக எழுதப் படிப்பவர்களுக்கென்றே வரையப்பட்டது, பள்ளிப் புத்தகத்துக்கு அதுவே பொருத்தம்.

அகரவரிசை: என், ஞ, ங, ஓ என்று போகவேண்டும். கணினியின் இயல்பு வரிசை ஞவை ‘என்’னின் மேற்குறி வடிவமாகவே பார்ப்பதால் ஞவில் தொடங்கும் சொற்கள் ‘என்’ சொற்களுக்கு நடுவே சிதறும், ங மட்டும் சரியாகப் பின்னால் நிற்கும். முறையான தீர்வு சொந்த வரிசை விதி எழுதுவது. அவசரத்துக்கு ஸ்பானிய வரிசையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பானியத்தில் ஞ தனி எழுத்து, ‘என்’னுக்கு அடுத்தது, ஆகவே நமக்கு வேண்டிய வரிசை தானாக வந்துவிடும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பொதுவரிசையை வைத்துக்கொண்டு தலைச்சொல் இருமுறை வரக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டால் இன்னொரு விபத்து. ஞவும் ‘என்’னும் ஒன்று என்று அது எடுத்துக்கொள்வதால், அந்த ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு சொல்லில் இரண்டாவதை ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பும். ஸ்பானிய வரிசையில் இதுவும் தீரும்.

நிரலில் சொல் பிரிக்கும்போது ‘ஏ முதல் இஸட் வரை’ என்ற பழைய வடிவத்தை எழுதினால் ஞவிலும் ஙவிலும் சொல் இரண்டாக உடையும். யூனிகோடின் ‘எழுத்து’ வகையைக் கேளுங்கள். மேக்கிலிருந்து வரும் கோப்புப் பெயர்களில் சுழி-ஞ சிலசமயம் ‘என்’னும் 771ஆம் எண் சுழியுமாகப் பிரிந்து வரும். உள்ளே வாங்கும்போதே என்எஃப்சி இயல்பாக்கம் செய்து, பிரிந்ததை ஓர் எழுத்தாகச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பிழைதிருத்தி வேண்டுமென்றால் லிப்ரே ஆஃபிஸ் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி நிரலுக்கு நீங்களே கோப்பு செய்யலாம், உங்களிடம் சொற்பட்டியல் இருப்பதால் பாதி வேலை முடிந்தது. சொற்கோப்பின் முதல் வரியில் சொற்களின் எண்ணிக்கை, பிறகு வரிக்கு ஒரு சொல். விகுதிக் கோப்பின் முதல் வரியில் குறியாக்கம் யூடிஎஃப்-8. பன்மைக்கு விதி எழுதினால் பட்டியல் சுருங்கும். யுகோ என்றால் ஆண், யுகு என்றால் ஆண்கள், கடைசி உயிர் போய் ‘யூ’ வருகிறது. எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் இப்படி வராது, சொல்லுக்குச் சொல் குறியிட வேண்டும். எனக்கு அதில் மிகப் பயனுள்ளதாகத் தெரிவது ‘மாற்று’ வரிகள்தான். ஜி-என் வந்தால் ஞ, என்-ஜி வந்தால் ங, கே-ஹெச் வந்தால் எக்ஸ், ஓ-யூ வந்தால் யூ. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இவைதாம். இவை தானாக மாற்றுவதில்லை, பரிந்துரைக்க மட்டும் செய்யும், ஆகவே நியாயமான என்-ஜி தப்பும். லிப்ரே ஆஃபிஸின் எழுத்து வடிவமைப்புப் பெட்டியில் மொழியைத் தேர்வதற்குப் பதில் எஸ்-என்-கே குறியீட்டோடு நாட்டுக் குறியீட்டைச் சேர்த்துக் கையாலேயே தட்டலாம். செனகலுக்கு ஒன்று, மாலிக்கு ஒன்று என்று பிரித்துவைத்தால் ஞ சண்டையும் அடங்கும்.

கைப்பேசிக் குறுஞ்செய்தி அனுப்பும் திட்டமிருந்தால் ஒரு கணக்கு. குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்துத் தொகுப்பில் சுழி-ஞ இருக்கிறது, ஙவும் கொக்கி-ஞவும் இல்லை. செய்தியில் ஒரே ஒரு ங இருந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, 160 எழுத்து இடம் 70ஆகச் சுருங்கும், 100 எழுத்துச் செய்திக்கு இரண்டு செய்திக் காசு. ஆயிரக்கணக்கில் அனுப்புபவர்கள் ஙவை ‘என்’ ஆக்கி அனுப்புவதற்குக் காரணம் அறியாமை இல்லை, கட்டணம்.

அரபு எழுத்தில் சோனின்கே எழுதும் பழக்கம் பழையது, அஜமி என்பார்கள். மார்க்கக் கல்வி பெற்றவர்களின் கடிதங்களும் குறிப்புகளும் அதில் உண்டு. அதற்குச் சீரான விதி நடைமுறையில் நிலைக்கவில்லை. அரபியின் மூன்று உயிர்க்குறியை வைத்துக்கொண்டு ஐந்து உயிரை எழுதவேண்டியிருப்பதால் எகர, ஒகரத்தை ஆளுக்கொரு விதமாகக் காட்டுவார்கள். மக்ரிபி எனும் வடமேற்கு ஆப்பிரிக்கப் பாணியில் ‘ஃபா’வுக்குப் புள்ளி கீழே, ‘காஃப்’புக்கு மேலே ஒரே புள்ளி. அப்படியே பதிவுசெய்ய யூனிகோடில் 1698, 1703 என்ற தனி எண்கள் உண்டு. எஸ்ஐஎல்லின் ஹர்மத்தான் மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்று வரைந்த அரபு எழுத்துரு. அகராதியின் முதல் பதிப்பில் அஜமியைச் சேர்க்காதீர்கள், ஆனால் மொழிக்குறியீட்டில் எழுத்துமுறைக்கும் இடம் விட்டுவையுங்கள். இன்கோ எழுத்து பற்றியும் யாராவது சொல்வார்கள். அது 1949இல் சொலொமானா காந்தே பம்பாரா போன்ற மாண்டிங் மொழிகளுக்காக உருவாக்கியது, சோனின்கேயின் வழக்கு அது அல்ல.

இயந்திர மொழிபெயர்ப்பை இப்போதைக்கு நம்பாதீர்கள். மெட்டா 2022இல் வெளியிட்ட 200 மொழி மாதிரியில் பம்பாராவும் ஜூலாவும் இருக்கின்றன, சோனின்கே இல்லை. பம்பாரா மாதிரியில் சோனின்கேயைக் கொடுத்தால் நம்பிக்கையோடு ஏதோ ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அச்சுப் புத்தகத்தை வருடி எழுத்தறியும்போது டெசராக்ட் என்ற எழுத்தறி நிரலின் பிரெஞ்சு மாதிரியைப் பயன்படுத்தினால் ங வராது, அந்த மாதிரிக்குத் தெரிந்த எழுத்துப் பட்டியலில் அது இல்லாததால் ‘என்’ என்றோ ‘ஜி’ என்றோ எழுதிவைக்கும். லத்தீன் எழுத்துமுறைக்கான பொது மாதிரியை முயன்றுபாருங்கள். எதுவானாலும் ஒரு பக்கத்தில் எத்தனை ங அச்சில் இருக்கிறது, எத்தனை வந்திருக்கிறது என்று கையால் எண்ணிப் பார்த்துவிட்டு மற்ற பக்கங்களை ஓட்டுங்கள்.